விடியும்வரை மெலட்டூர்

ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் நெருங்கும்போது, சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் மெலட்டூர்க் குடும்பத்து ஆண்கள் சிலர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிறார்கள். வேஷம் கட்டுவதற்காக. பகலெல்லாம் கணக்கும் கம்ப்யூட்டருமாக இருந்தவர், ஊர் வந்ததும் சந்திரமதியாகிறார். இன்னொருவர் இரணியனாகிறார். அவர்களுடைய அப்பா கட்டிய வேஷம், தாத்தா கட்டிய வேஷம்.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில், பாபநாசம் வட்டத்தில், வெட்டாற்றங்கரையில் இருக்கிற சிற்றூர் மெலட்டூர். மேட்டூர் அணை திறக்க வழக்கமாக ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டும் என்பதால், மே மாதத்தில் ஆற்றில் மணல்தான் கிடக்கும். வயலிலும் பெரிதாக வேலை இருக்காது. அந்த வெயில் காலத்தில், வைசாக மாத வளர்பிறைச் சதுர்த்தசியில் நரசிம்ம ஜயந்தி வருகிறது. அன்றிரவு ‘பிரகலாத சரித்திரம்’ தொடங்கும். அடுத்தடுத்த இரவுகளில் அரிச்சந்திரன், மார்க்கண்டேயன், உஷா பரிணயம் என்று நாடகங்கள் தொடரும். பாகவத மேளா என்று பெயர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நாடகங்கள், எழுதியவர் வாழ்ந்த ஊரிலேயே இன்றும் ஆடப்படுகின்றன. தமிழ்நாட்டில் இப்படிச் சொல்லிக்கொள்ள வேறு எத்தனை ஊர்கள் இருக்கின்றன?

எழுதியவர் மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி. திருவையாற்றில் தியாகராஜர் பாடிக்கொண்டிருந்த காலத்தவர். மராட்டியர் ஆட்சியில் தஞ்சை இருந்தபோது, சாஸ்திரி தெலுங்கில் எழுதினார். அன்றைய தஞ்சையில் இசைக்கும் நாட்டியத்துக்கும் பெரும்பாலும் தெலுங்குதான் மொழி. தியாகராஜரும் ‘பிரகலாத பக்தி விஜயம்’ என்ற இசை நாடகத்தைத் தெலுங்கில்தான் எழுதினார். இன்னும் பின்னால் போனால், விஜயநகரம் சரிந்த பிறகு தெற்கே வந்த கலைஞர்களையும் பண்டிதர்களையும் தஞ்சை நாயக்கர்கள் ஆதரித்த கதை வருகிறது. அச்சுதப்ப நாயக்கர் 510 அந்தணக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு வீடும் கிணறும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார் என்பது மரபு. அதனால் இந்த ஊருக்கு அச்சுதபுரம் என்றும் பெயர் உண்டு.

இரவு ஒன்பது மணிக்கு மேல் தெருவில் கூட்டம் சேரத் தொடங்கும். வரதராஜப் பெருமாள் கோயிலைப் பார்த்தபடி மேடை. எதிரே பெருமாளை எழுந்தருளப் பண்ணியிருப்பார்கள். முதல் ரசிகர் அவர்தான், நாமெல்லாம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவர்கள். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால்தான் அந்த இரவு புரியும். நடிகர் கைதட்டலை எதிர்பார்த்து ஆடவில்லை. சுவாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறார்.

முதலில் கோணங்கி வருவான். கூம்புத் தொப்பியும் கோமாளி ஆட்டமுமாகக் கூட்டத்தை அமர்த்துவான். பிறகு பாகவதர்கள் தோடயமங்களம் என்ற வாழ்த்துப் பாட்டைப் பாடுவார்கள். அதன்பின் பிள்ளையார். யானைமுகம் வைத்த ஒரு சின்னப் பையன் குட்டிக் காலால் நாலு அடி ஆடிவிட்டுப் போவான். முன்வரிசைக் கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இதெல்லாம் முடிந்துதான் கதை.

ஒவ்வொரு பாத்திரமும் வருகிற விதத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஒரு திரைச்சீலையை விரித்துப் பிடித்து நிற்பார்கள். கீழே சலங்கை கட்டிய பாதங்கள் மட்டும் தெரியும். பாத்திரம் நுழைவதற்கான பாட்டு, பிரவேச தரு, தொடங்கும். மிருதங்கமும் நட்டுவாங்கத் தாளமும் ஏற ஏற, திரைக்குப் பின்னால் பாதங்கள் ஜதிக்குப் பதில் சொல்லும். திரை விலகும்போது நிற்பவர் ராஜாவா, ராணியா என்பது முகத்தைப் பார்க்கும் முன்பே நடையில் தெரிந்துவிடும். இந்தப் பிரவேசத்தை நான் எத்தனையோ விலையுயர்ந்த மேடை வெளிச்சங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு முழம் துணி செய்கிற வேலையை அந்த விளக்குகள் செய்ததில்லை.

பெண் வேஷமும் ஆண்கள்தான். பிரகலாதனின் தாய் லீலாவதியாகவும் அரிச்சந்திரனின் மனைவி சந்திரமதியாகவும் வந்து பெயர் வாங்கிய எஸ். நடராஜனைப் பற்றி ரசிகர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். அரிச்சந்திரன் நாடகம் இரண்டு இரவு. மயானத்தில் மகனைக் கிடத்தி வைத்துக்கொண்டு சந்திரமதி புலம்புகிற கட்டத்தில், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பாருங்கள். தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாதவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் பாட்டி சொன்ன கதையிலும் அரிச்சந்திரன் அவருக்கு ஏற்கெனவே சொந்தக்காரன். ராகமும் அபிநயமும் மிச்சத்தைச் சொல்லிவிடுகின்றன. தெலுங்கு நாடகத்தைத் தமிழ் ஊர் இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருப்பதில் எனக்குப் பெரிய பெருமை உண்டு.

பெண்கள் இன்னும் மேடையேறாததை நான் சரி என்று சொல்லமாட்டேன். நாட்டியத்துக்குப் பெயர்போன ஊர் இது. மெலட்டூர் பாணி என்று பரதநாட்டியத்திலேயே ஒரு வழி உண்டு. தெருவில் உட்கார்ந்து விடிய விடியப் பார்க்கிற பெண்களுக்கு மேடையிலும் ஒரு நாள் இடம் வர வேண்டும்.

விடியற்காலைக்கு வருகிறேன். மெலட்டூர் என்றால் அதுதான். நரசிம்மரின் முகம் இங்கே ஒப்பனைப் பொருள் இல்லை. ஆண்டு முழுவதும் பூஜையில் இருக்கிற முகம். அதை அணிகிறவர் அன்று விரதம் இருக்கிறார். இரணியனும் பிரகலாதனும் இரவெல்லாம் வாதாடி ஓய்ந்து, எங்கே உன் கடவுள் என்ற கேள்வி தூணுக்கு வந்து சேரும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். முகத்தை அணிந்தவருக்கு ஆவேசம் வந்துவிடும். சுற்றி நாலைந்து பேர் அவரை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். இரணியன் நெருங்குவதும் பின்வாங்குவதுமாக வீரம் பேசுகிறான். பிடித்திருப்பவர்கள் வியர்த்துப் போகிறார்கள். அதுவரை தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தவர்களெல்லாம் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள். நாடகம் எங்கே முடிந்து வழிபாடு எங்கே தொடங்கியது என்று அந்த நிமிஷத்தில் யாரும் கேட்பதில்லை. தீபாராதனை ஆகிற வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம்.

இந்த மேளா ஒரு காலத்தில் நின்றே போயிருக்கும். ஆதரித்த அரசர்கள் போனார்கள், அக்ரஹாரங்கள் காலியாயின. சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர் என்று பல ஊர்களில் நடந்த பாகவத மேளா மறைந்தது. மெலட்டூரோடு சாலியமங்கலமும் தேப்பெருமாநல்லூரும் அதைப் பிடித்துக்கொண்டன. மெலட்டூரிலும் இடையில் தடைபட்டதைக் கணேசய்யர், பாலு பாகவதர் போன்றவர்கள் மீட்டார்கள். வெளியுலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இ. கிருஷ்ணய்யர். வக்கீல். பின்னால் பரதநாட்டியம் என்று பெயர் பெற்ற சதிர் ஆட்டத்தைப் பலர் பழித்த காலத்தில் தானே பெண் வேஷமிட்டு மேடையேறி ஆடிக் காட்டியவர். ஆண்கள் பெண்களாக ஆடும் இந்த ஊரின் அருமை அவருக்குத் தெரிந்ததில் வியப்பில்லை.

இன்றைய கஷ்டம் வேறு. ஆடவேண்டிய பிள்ளைகள் ஊரில் இல்லை. ஒரு வேஷத்துக்குப் பாட்டு, வசனம், ஆட்டம் மூன்றும் வேண்டும். அதுவும் தெலுங்கில். அதை நாலு நாள் லீவில் கற்றுக்கொள்ள முடியாது. ஃபோனில் பாடம் கேட்டு, வாரக் கடைசியில் ஒத்திகை பார்த்து வருகிறார்கள். ஊரிலேயே இரண்டு குழுக்கள் தனித்தனியாக நடத்தி வந்திருக்கின்றன. பிரிவினை என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இரண்டு குழு என்றால் இரண்டு பிரகலாதன், இரண்டு லீலாவதி. கற்றுக்கொள்கிற பிள்ளைகள் கூடுதல்.

நகரத்துச் சபாக்களில் இதே நாடகத்தை இரண்டு மணி நேரத்தில் சுருக்கிக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மெலட்டூரைப் பார்த்ததாக நினைத்துவிடாதீர்கள். நள்ளிரவின் தூக்கமும் தெருமண்ணின் சூடும் விடிகாலைக் காற்றும் சேர்ந்ததுதான் அந்த நாடகம். காலண்டரில் நரசிம்ம ஜயந்தி என்றைக்கு என்று பார்த்து வையுங்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். டிக்கெட் கிடையாது.