டர்ட் பைக்கின் உயரத்தைக் குறைக்கும் முறைகள்

டர்ட் பைக்கின் சீட் உயரமாக இருப்பதற்குக் காரணம் அதன் சக்கரங்களின் அசைவும் தரையிலிருந்து எஞ்சினுக்குள்ள இடைவெளியும். பந்தய வகைப் பைக்குகளில் குழியிலும் கல்லிலும் சக்கரம் மேலேறி இறங்க ஏறத்தாழ 300 மி.மீ. இடம் வேண்டும், எஞ்சினின் அடியும் பாறையில் தட்டக்கூடாது. சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான யமஹா செரோ 225இன் சீட் 810 மி.மீ. உயரம்தான். ஹொண்டா, சிஆர்எஃப் 250 எல் பைக்கை யப்பானில் 830, 880 மி.மீ. என இரண்டு உயரங்களில் விற்றது. சமதரையில் கால்நுனி எட்டினாலே ஓட்டிவிடலாம். ஆனால் ஹந்தானைத் தோட்டப் பாதையிலோ ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரேக்கு இறங்கும் வழியிலோ பைக்கை நிறுத்தினால் பள்ளப் பக்கத்து நிலம் இன்னும் கீழே இருக்கும். உயரம் குறைந்தவர் சாய்வது அங்கேதான்.

ஸ்பனரை எடுக்குமுன் பார்க்கவேண்டியது அமிழ்வு. ஓட்டுபவர் முழு உடுப்போடு ஏறி அமர்ந்தால் பின்பக்கம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 300க்கு 100 மி.மீ. அளவில் இறங்கவேண்டும். இறங்காவிட்டால் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைத் தளர்த்தலாம். அப்படித் தளர்த்தியபின், ஆள் ஏறாமலேயே பைக் 40 மி.மீ.க்கு மேல் அமிழ்ந்தால் ஸ்பிரிங் அவருடைய எடைக்குக் கடினமானது. கேட்க முரணாக இருந்தாலும் கணக்கு அதுதான். மெல்லிய உடம்புக்காரர் பலருக்கு ஸ்பிரிங்கை மாற்றுவதே பாதி வேலையை முடித்துவிடும்.

சீட்டின் ஸ்பொஞ்சைச் செதுக்கி 20, 30 மி.மீ. குறைப்பது மலிவான வழி. இருக்கை கட்டையாகும், முழங்கால் மடங்கும். வேறு கெடுதல் இல்லை.

கராஜ்களில் எளிதாகச் செய்யக்கூடியது பின் ஷொக்கோடு இணைந்த லிங்க்கை மாற்றுவது. பைக் உடனே தாழும். ஆனால் ஷொக் முழுதாக அமுங்கும்போது சக்கரம் முன்பைவிட மேலே ஏறும். பெரிய குழியில் டயர் மட்கார்டில் உரசலாம். பின்பக்கம் மட்டும் தாழ்வதால் முன் ஃபோர்க் சாய்ந்து, ஹேண்டில் மந்தமாகத் திரும்பும். மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளில் அது நன்றாகவே தெரியும். கிளாம்பில் ஃபோர்க்கைச் சற்று மேலேற்றி இதை ஓரளவு ஈடுசெய்யலாம்.

சரியான வழி ஷொக்கைப் பிரித்து, அது முழுதாக நீளாதபடி தண்டில் ஒரு ஸ்பேசர் போடுவது. தண்டின் ஒரு மி.மீ. சக்கரத்தில் இரண்டரை முதல் மூன்று மி.மீ. ஆகும் என்பதால் 15 மி.மீ. ஸ்பேசர் பைக்கை 40 மி.மீ. அளவுக்கு இறக்கும். ஃபோர்க்கின் உள்ளேயும் அதே 40 மி.மீ. குறைக்கவேண்டும். அப்போது பைக்கின் சாய்வு மாறாது, டயரும் எங்கும் இடிக்காது. அசைவு குறைவதால் சற்றுக் கடினமான ஸ்பிரிங் தேவைப்படும்; எடை குறைந்தவருக்குப் பழைய ஸ்பிரிங்கே பொருந்திவிடவும் கூடும். ஷொக்கினுள் நைதரசன் மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. அதை வெளியேற்றாமல் திறப்பது ஆபத்து; மீண்டும் நிரப்பும் வசதியில்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கக்கூடாது.

தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போன்ற சுப்பர்குரொஸ் ஓட்டங்களுக்கு இதெல்லாம் வேண்டாம். அங்கே கால் ஊன்றுவது புறப்படும்போதுதான்; அதற்கு ஒரு கட்டை போதும். தாவி விழும்போதோ இழந்த ஒவ்வொரு மி.மீ.யும் கணக்கில் வரும்.

தாழ்த்திய பைக்குக்கு சைட் ஸ்டாண்ட் நீளமாகிவிடும். அதை வெட்டி வெல்டிங் செய்யாவிட்டால் பைக் நிமிர்ந்து நின்று, சரிவில் மறுபக்கம் விழும். சங்கிலியின் தொய்வையும் புதிய உயரத்தில் மறுபடி அளக்கவேண்டும்.