மரண வாயிலில் ஒரு மனிதன்

நமக்கு மரணம் எந்நாளில் வரும் என்று தெரியாது. தெரியாததனால்தான் நிம்மதியாக உண்டு உறங்குகிறோம். சர்க்காரின் கையாலேயே அது வரப்போகிறது என்று அறிந்து, சிறைக்குள் காத்திருந்த ஒருவனுடைய கதையை நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

பிரான்ஸ் தேசத்து ஜாக் ஃபெஷ் 1930 ஏப்ரல் 6-ஆம் தேதி பிறந்தவன். தகப்பனார் பாங்கித் தொழிலில் இருந்தவர், செல்வத்துக்குக் குறைவில்லை. பிள்ளையோ எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. மனைவியும் பெண் குழந்தையும் இருந்தும் பொறுப்பு வரவில்லை. படகு ஒன்று வாங்கித் தென்கடல் தீவுகளுக்குப் போய்விட வேண்டும் என்பது அவனுடைய பகற்கனவு. அதற்குப் பணம் தேடி 1954 பிப்ரவரியில் பாரிஸில் நாணயமாற்று வியாபாரி ஒருவரைக் கைத்துப்பாக்கியால் அடித்துக் கொள்ளையிட்டான். ஓடும்போது மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது. துரத்தி வந்த போலீஸ்காரரை நோக்கிச் சுட்டான், அவர் மாண்டார். மனைவியை ஏற்கெனவே இழந்திருந்த அந்த மனிதருக்கு நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது.

சிறைக்கு வந்த பாதிரியாரிடம், தனக்கு நம்பிக்கை கிடையாது என்று ஃபெஷ் சொல்லி அனுப்பிவிட்டான். அவனுடைய வக்கீல் பால் போதே தீவிர பக்தர். அவரையும் பரிகாசம் செய்தான். தனியறையில் ஏறக்குறைய ஒரு வருஷம் கழிந்தது. ஓர் இரவு உறக்கமின்றிக் கிடந்தவன், நெஞ்சின் வேதனை தாங்காது கடவுளைக் கூவி அழைத்தான். அக்கணமே ஏதோ ஒன்று தன்னை ஆட்கொண்டதாகப் பின்னர் எழுதினான்.

சிறைக்குள் பிறக்கும் பக்தியை உலகம் எளிதில் நம்புவதில்லை. நமக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. தலை தப்புவதற்காக ஜபமாலை உருட்டியவர்கள் எத்தனை பேர்! ஆனால் இவனுக்கு அந்த லாபம் கிட்டவில்லை. 1957 ஏப்ரல் 6-ஆம் தேதி, அவனுடைய இருபத்தேழாவது பிறந்த நாளன்றே, மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி ரெனே கோத்தி கருணை காட்ட மறுத்தார். அதன் பிறகும் அவனுடைய நம்பிக்கை குலையவில்லை. குலையவில்லை என்றால் பயமே இல்லை என்று பொருளல்ல. கடைசி இரண்டு மாதங்களில் எழுதிய நாட்குறிப்பில் கலக்கமும் அமைதியும் மாறி மாறி வருகின்றன. தன் மகள் வளர்ந்த பிறகு படிக்கவேண்டும் என்றே அதை எழுதினான்.

அவனுடைய விவாகம் பதிவு விவாகமாகவே இருந்தது. கடைசி இரவு அதற்குச் சமயச் சடங்கும் நிறைவேறியது. 1957 அக்டோபர் 1-ஆம் தேதி விடியற்காலையில் பாரிஸ் லா ஸாந்தே சிறையில் கில்லட்டின் அவனுடைய சிரத்தைத் துண்டித்தது. பிரான்ஸில் மரண தண்டனை 1981-ல் ஒழிந்தது.

1987-ல் பாரிஸ் ஆர்ச்பிஷப் லுஸ்டிஜே, இவனைப் புண்ணியவான்களின் வரிசையில் சேர்க்கலாமா என்று ஆராய முற்பட்டார். ஆட்சேபங்கள் கிளம்பின. கிளம்பாமல் எப்படி இருக்கும்? ஃபெஷின் மகளுக்குத் தகப்பன் கைப்பட எழுதிய ஏடாவது மிஞ்சியது. அந்தப் போலீஸ்காரரின் மகளுக்குத் தகப்பன் வீடு திரும்பவே இல்லை.