சாணைக்கல் மலையில் ஜீப்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஹாட் ஸ்பிரிங்ஸ் நகருக்கு அருகே ஆஃப்-ரோடு பார்க் ஒன்று இருக்கிறது. ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான காட்டு மலைப்பகுதி அது. கட்டணம் செலுத்திவிட்டு ஜீப்பையோ சிறிய நான்கு சக்கர மலைவண்டியையோ பாறைத் தடங்களில் ஓட்டலாம். தடங்களைக் கடினத்துக்கேற்பத் தரம் பிரித்திருக்கிறார்கள். ஊருக்குள் இருக்கும் ஹாட் ஸ்பிரிங்ஸ் தேசியப் பூங்காவில் இதற்கு அனுமதி இல்லை. அங்கே மலைப்பாதைகள் பெரும்பாலும் நடப்பவர்களுக்கானவை.

ஊரின் பெருமை பழையது. 1804இல் அதிபர் ஜெஃபர்சன் அனுப்பிய டன்பார், ஹண்டர் இருவரின் ஆய்வுக் குழு இந்த ஊற்றுகளைப் பார்வையிட்டது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1832இல், அமெரிக்க நாடாளுமன்றம் இவற்றைத் தனியார் கைக்குப் போகாமல் ஒதுக்கிவைத்தது. 1921இல் தேசியப் பூங்கா என்ற பெயர் வந்தது. பாத்ஹவுஸ் ரோ என்னும் வரிசையில் எட்டு குளியல் மாளிகைகள் நிற்கின்றன. அவற்றில் 1915இல் திறந்த ஃபோர்டைஸ் இப்போது பார்வையாளர் மையம். பக்ஸ்டாஃபில் 1912 முதல் இன்றுவரை குளியல் நடக்கிறது.

குளியலறைக்கு வரும் நீருக்கும் ஜீப் ஏறும் தடத்துக்கும் உள்ள உறவு பாறையில் இருக்கிறது. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஆழ்கடலின் அடியில் படிந்த சிலிக்காச் சேறு இறுகி நோவாகுலைட் என்ற பாறையானது. கிட்டத்தட்ட முழுக்க குவார்ட்ஸ். ஆனால் மணிகள் நுண்ணோக்கியில்தான் தெரியும் அளவுக்குப் பொடியானவை. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்திசையிலிருந்து வந்த கண்டம் மோதியதில் இந்த அடுக்குகள் மடிந்து, முறிந்து, உவாஷிட்டா மலைகளாக எழுந்தன. இடையிலிருந்த மென்மையான களிப்பாறை மழையில் கரைந்து பள்ளத்தாக்கானது. கரையாத நோவாகுலைட் முகடாக நின்றது.

அந்த முறிவுகள்தான் ஊற்றுகளுக்கு வழி. மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடேறி, பிளவுகள் வழியே வேகமாக மேலே வருகிறது. மலைக்கடியில் எரிமலை ஏதுமில்லை; கந்தக வாடையும் இல்லை. நீர் வெளிவரும்போது சுமார் 62 டிகிரி செல்சியஸ். கார்பன் ஆய்வின்படி இன்று ஊறும் நீரில் பெரும்பகுதி சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 லட்சம் லிட்டர் வருகிறது.

நோவாகுலைட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. உடைத்தால் கண்ணாடிச்சில்லு மாதிரி கூரான விளிம்போடு பிளக்கும். அமெரிக்கப் பூர்வகுடிகள் இதைத் தோண்டி எடுத்து அம்புமுனை செய்தார்கள். பிறகு வந்தவர்களுக்கு இது சாணைக்கல்லானது. எஃகைவிடக் கடினமானது என்பதால் கத்தியும் உளியும் தீட்ட ‘ஆர்கன்சா கல்’ உலகெங்கும் விற்றது. கத்தி தீட்டும் கல்லின் சில்லு டயரை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் இத்தகைய மலைக்கு வருபவர்கள் முதலில் செய்வது டயரில் காற்றை இறக்குவதுதான். சாலையில் 35 பிஎஸ்ஐ இருந்த காற்றழுத்தத்தைப் பாதிக்கும் கீழே, 15 அளவுக்குக் கொண்டுவருவார்கள். வண்டியின் எடை மாறுவதில்லை. அழுத்தம் குறையும்போது அதே எடையைத் தாங்க டயர் கூடுதல் பரப்பைத் தரையில் பதிக்கிறது. பதியும் இடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் கூடும். விறைப்பான டயர் கல்முனைமேல் குத்திட்டு நிற்கும். தளர்ந்த டயர் அந்த முனையை உள்வாங்கிப் பிடித்துக்கொள்ளும், எளிதில் பஞ்சராகாது. கெடுதல் பக்கவாட்டில். தளர்ந்த டயர் பக்கங்களில் பிதுங்கும். அங்கே ரப்பர் மெலிது, கிழிந்தால் ஒட்டுப்போட முடியாது. அளவுக்கு மீறி இறக்கினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும்.

பாறையில் வேகம் எதிரி. ஜீப் ரேங்லர் ரூபிகானின் ஒரு தலைமுறை மேனுவல் மாடலை எடுத்துக்கொண்டால், முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில் மூன்றும் சேர்ந்து இன்ஜினின் 73 சுற்றைச் சக்கரத்தின் ஒரு சுற்றாகக் குறைக்கின்றன. இன்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்று ஓடினால் 32 அங்குல டயருள்ள வண்டி மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் போகும். நடப்பவர் முந்திவிடுவார். குறைந்த வேகத்துக்கு ஈடாகச் சக்கரத்தில் திருகுவிசை பெருகுகிறது.

அந்த விசை வீணாகும் இடம் டிஃபரென்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகம் சுற்ற இடம் கொடுப்பது அதன் வேலை. அதற்காக இருபுறமும் சம அளவு திருகுவிசையையே தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. சமம் என்பதால் தரையில் உள்ள சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. வண்டி நின்ற இடத்திலேயே ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். லாக்கர் இரு அரை ஆக்சில்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பூட்டிய வண்டியைத் திருப்புவது கடினம் என்பதால் ஏறியதும் திறந்துவிடுவது வழக்கம்.

சக்கரம் எங்கே பதிகிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. அதனால் ஒருவர் கீழே இறங்கி முன்னால் நின்று கையசைத்து வழிகாட்டுவார். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் ஈடாகாது. வண்டி சிக்கிக்கொண்டால் வின்ச் என்னும் இழுவைக் கருவி. வெறும் கயிற்றை மரத்தில் சுற்றினால் பட்டை அறுந்து மரமே பட்டுப்போகலாம் என்பதால் அகலமான பட்டைவார் போட்டுத்தான் இழுப்பார்கள்.

முகட்டைவிடப் பள்ளத்தாக்குத் தடங்களுக்குத்தான் சேதம் அதிகம். களிப்பாறை மக்கிய மண் நனைந்தால் வழுக்கும். சுழலும் சக்கரம் அதைக் குடைந்து வாய்க்காலாக்கும். அடுத்த மழையில் அந்த மண் ஓடையில் சேர்ந்து அதைக் கலக்கும். சரிவான தடங்களில் ஆங்காங்கே குறுக்கே மேடு எழுப்பினால் நீர் வேகம் பிடிக்குமுன் பக்கத்துக் காட்டுக்குள் திரும்பிவிடும். தடத்தை விட்டு விலகி ஓட்டக் கூடாது என்ற விதிக்கும் இந்தச் சேதமே காரணம்: ஒருவர் சகதியைச் சுற்றிப் போனால் பின்னால் வருபவர்கள் அதையும் சகதியாக்கிவிடுவார்கள்.