சாய்ந்து ஓடும் இரயில்

ஈரோடு சந்திப்பில் நின்ற மின்சார எஞ்சினைக் கைபேசியில் படமெடுத்தேன், நிமிர்ந்து நின்றது. எங்கள் கொடுமுடியில் நிற்காமல் விரைந்த அதே வகை எஞ்சினோ படத்தில் பின்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது! அருகிலிருந்த மின்கம்பங்கள் நேராகவே இருந்தன. மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கிச் சேர்த்த பணத்தில் அந்தப் பழைய கைபேசியை வாங்கித் தந்த என் தந்தையார், "ஏமாத்திப் போட்டாங்களா கண்ணு?" என்று கலங்கினார்.

கைபேசியில் பழுதில்லை. அதன் ஒளியுணரி காட்சி முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை. படுக்கைவாட்டில் பிடித்திருந்த அது, நாம் ஏட்டைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்தது. கூரையைப் படித்துவிட்டுச் சக்கரத்துக்கு வருவதற்குள் வண்டி முன்னே போய்விட்டது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 20 மீட்டர். படித்து முடிக்க 1/40 விநாடி ஆகுமெனக் கொள்வோம். சக்கரம் கூரையைவிட அரை மீட்டர் முந்திவிடும்! கம்பம் ஓடுவதில்லை, ஆகவே சாய்வதுமில்லை.

வண்டி நம்மை நோக்கி வருகையில் எடுத்தால் சாய்வு குறையும். அதற்காகத் தண்டவாளத்தில் இறங்கும் நண்பர்களைக் கண்டிருக்கிறேன். வேண்டாம், நண்பர்களே. உயிர் ஒருபுறமிருக்க, 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றபடியே, ஈரோட்டுக்குள் வேகம் தணிந்து நுழையும் வண்டியை எடுங்கள். எஞ்சினின் ஐந்து இலக்க எண்கூடத் தெளிவாக விழும்.