உங்களுக்குத் தெரியுமா? ஓட்டத்தை உணரும் நாடி

புத்தளம் களப்பில் தெளிந்த நீருக்கடியில் கடற்புல் நீரோட்டம் போகும் பக்கமே சாய்ந்து கிடக்கும். நம் நாடிகளின் உட்சுவரும் அப்படித்தான். அங்கு ஒற்றை அடுக்காகப் பதிந்திருக்கும் கலங்கள், குருதி சீராக ஓடும் இடத்தில் ஓட்டத்தின் திசையில் நீண்டு ஒழுங்காக அமைகின்றன. நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரந்து நாடியைத் தளர்த்துகின்றன.

கழுத்து நாடி கிளைபிரியும் இடத்தைப் பாருங்கள். அங்கு குருதி சுழல்கிறது, தயங்குகிறது, பின்னோக்கியும் நகர்கிறது. கலங்கள் திசை இழந்து, அழற்சிச் சமிக்ஞைகளை எழுப்புகின்றன. கொழுப்பு அதிகம் படிவது இங்கேதான். குருதி வேகமாக உரசும் இடமே புண்படும் என்ற கருத்து வலுவாக இருந்த காலத்தில், உரசல் குறைந்த இடத்திலேயே படிவு தோன்றுகிறது என்று 1969இல் ஆய்வாளர் கொலின் காரோ குழுவினர் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் அவர்கள் பக்கமே நின்றன.

கலத்துக்கு இந்த உரசல் எப்படித் தெரிகிறது? கலமென்சவ்வில் உள்ள ‘பியசோ 1’ என்ற புரதம் இதில் முக்கியமானது. மென்சவ்வு இழுபட்டால் அது திறந்து கல்சியம் அயன்களை உள்ளே விடும். 2010இல் இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர், பெய்ரூட்டில் பிறந்த ஆர்டெம் பட்டபூட்டியன். 2021இல் மருத்துவ நோபல் பரிசை டேவிட் ஜூலியசுடன் பகிர்ந்துகொண்டார்.

உயர் குருதி அழுத்தம், புகைத்தல், நீரிழிவு ஆகியன நாடி உட்சுவரின் இக்கலங்களை மேலும் நலிவடையச் செய்கின்றன.