மான் தேரும் இணுக்கு

காஞ்சிபுரத்துச் சிவாலயங்களில் சோமாஸ்கந்தத் திருமேனியைத் தரிசிக்கும்போதெல்லாம், இறைவனின் பின்னிடக் கரத்தில் துள்ளி நிற்கும் அச்சிறு மானிடத்தில் என் கண் சற்று அதிகமாகவே தங்கிவிடும். இந்நகரத்துப் பட்டுக்கு ஆதாரமான புழு, மல்பெரி இலையையே உண்டு வளரும் ஏகவிரதி. மானுக்கு அந்த நிம்மதி இல்லை. சுற்றிலும் பசுமை கிடந்தாலும் எதை, எவ்வளவு தின்பது என்பதை அது ஒவ்வொரு கடியிலும் நிர்ணயித்தாக வேண்டும்.

1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டில் திரியும் புள்ளிமான், மழைக்காலத்தில் இளம்புல்லை விரும்பி மேயும். கோடையில் புல் முற்றி நாராகிவிட்ட பின்னரே தழைகளையும் உதிர்ந்த கனிகளையும் கொப்புகளின் நுனிகளையும் நாடும். முதலில் மோந்து பார்த்து, உதட்டால் தடவி, அதன் பிறகே கடிக்கும். மேல்தாடையில் முன்பற்கள் இல்லாமையால், கீழ்ப்பற்களுக்கும் மேலிருக்கும் தடித்த ஈறுக்கும் இடையே கொப்பை இறுக்கி இழுத்து ஒடிக்கிறது. ஆதலால் மான் தின்ற கொப்பின் முனை பிசிறு பிசிறாகவும், முயல் தின்றது கத்தியால் சீவினாற்போலச் சாய்வாகவும் இருக்கும்.

நுனியையே அது விரும்புவதற்குக் காரணம், மொட்டும் இளம்பட்டையும் அங்கே மிகுந்து புரதம் செறிந்திருப்பதுதான். கொப்பு தடிக்கத் தடிக்க, அசைபோடும் பிராணியின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களாலும் சிதைக்கவியலாத லிக்னின் என்னும் மரப்பொருள் பெருகுகிறது.

மரமும் வாளாவிருப்பதில்லை. கடுக்காயை மென்றவர் அறிந்த அந்தத் துவர்ப்பு டானின் என்னும் பொருளால் விளைவது. ஆவாரம்பட்டையிலுள்ள டானின் தோலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அதைப் பதப்படுத்துவது போலவே, தழையிலுள்ள டானினும் உணவின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அது உடலில் சேராதவாறு தடுத்துவிடுகிறது. இதற்கும் இயற்கை ஒரு மாற்று அமைத்திருப்பதுதான் என்னை மிகவும் வியக்கச் செய்கிறது: தழை தின்னும் மானினங்கள் சிலவற்றின் உமிழ்நீரில், டானினை வாயிலேயே பற்றிக்கொள்ளும் தனிப் புரதங்கள் சுரக்கின்றன. மேலும், வெவ்வேறு செடிகளின் நஞ்சுகள் வெவ்வேறானவை. ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக இணுக்கித் தின்னும் மானிடம் எந்த நஞ்சும் அளவுமீறிச் சேர்வதில்லை.

இத்தனை விசாரணைக்குப் பின் உட்கொள்ளும் தழைக்கே பழகிய அந்த நுண்ணுயிர்கள், திடீரென்று வந்து நிறையும் மாவுப்பொருளைத் தாங்கமாட்டா; இரைப்பை புளித்து மான் மாண்டுபோகவும் கூடும். ஆகையால் மான்களைக் காணச் செல்லும் அன்பர்கள், சோற்றையோ ரொட்டியையோ பிஸ்கட்டையோ அவற்றுக்கு இடாதிருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.