மருந்தை மறக்கும் பிள்ளைகள்

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் முகத்தில் பரு தோன்றிவிட்டால் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறோம். இறுதியில் தோல் மருத்துவரிடம் காட்டிக் களிம்பும் வாங்கி வருகிறோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அது ஏறக்குறைய வாங்கியபடியே அலமாரியில் கிடக்கிறது. “உனக்கு அக்கறையே இல்லை!” என்று பிள்ளையை ஏசுகிறோம். உண்மையில் அக்கறையின்மைதான் காரணமா? பெற்றோராகிய நீங்கள் சற்றே சிந்திக்க வேண்டும்.

பரு ஏன் வருகிறது?

பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மிகுதியான எண்ணெயும் உதிரும் தோல் செல்களும் சேர்ந்து மயிர்த்துளைகளை அடைக்கின்றன. அங்கே கிருமிகள் பெருகி வீக்கம் உண்டாகிறது. இது அசுத்தத்தால் வருவதன்று. ஐவேளையும் ஒளூச் செய்யும் பிள்ளைக்கும் வரும்.

இதற்கெனத் தரப்படும் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற மருந்துகள் ஓரிரவில் பருவைப் போக்குபவை அல்ல. நன்கு பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். முதற்சில வாரங்களில் தோல் வறண்டு எரிச்சலும் காணலாம். ஆக, தொல்லை முன்னே வருகிறது. நன்மை பின்னே வருகிறது. பெரியவர்களுக்கே கடினமான பொறுமை இது. நீண்டகால நோய்களுக்கான மருத்துவத்தை வளர்ந்த நாடுகளிலேயே சுமார் 50 விழுக்காட்டினர்தாம் முறையாகப் பின்பற்றுகின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு எடுத்துரைத்தது.

சோம்பல் அன்று

ஏ.டி.எச்.டி. என மருத்துவர்கள் குறிப்பிடும் கவனக் குறைபாடு உள்ள பிள்ளைக்கோ இது இன்னும் கடினம். அது மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய நிலை. சோம்பலோ வளர்ப்புக் குறையோ அன்று. களிம்பு பூச வேண்டும் என்பது அப்பிள்ளைக்குத் தெரியும், விருப்பமும் உண்டு. ஆனால் முகம் கழுவச் செல்லும் வழியிலேயே வேறொன்று கவனத்தை ஈர்த்துவிடும். துள்ளித் திரியும் ஆண்பிள்ளையிடம் இதை எளிதில் காண்கிறோம். அமைதியாகக் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண்பிள்ளையிடம் காணத் தவறுகிறோம்.

மருந்தை மறப்பதை மட்டும் கொண்டு எந்தப் பிள்ளைக்கும் இக்குறைபாடு இருப்பதாக முடிவு கட்டக்கூடாது. படிப்பு, ஓதல், வீட்டுவேலை என அனைத்திலும் சிறுவயது முதலே இவ்வாறு இருந்துவந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

தொழுகையோடு இணையுங்கள்

மறதிக்கு மருந்து ஏச்சு அன்று, ஒழுங்கு. ஐவேளைத் தொழுகை நம் நாளுக்கு அல்லாஹ் அருளிய ஒழுங்கு. இரவில் பூச வேண்டிய களிம்பை இஷாவோடு இணைத்துவிடுங்கள். தொழுது முடித்து, முகத்தின் ஈரம் உலர்ந்தபின், பட்டாணி அளவு எடுத்து மெல்லியதாகப் பூசட்டும். சுபுஹுக்கு ஒளூச் செய்யும்போது முகம் கழுவப்பட்டுவிடும். தொழுகை இல்லாத நாட்களில் பெண்பிள்ளைகளுக்கு இரவு உணவை அடையாளமாக்குங்கள்.

களிம்பை அலமாரிக்குள் பூட்டாமல், முஸல்லாவும் தொப்பியும் இருக்குமிடத்தில் கண்ணில் படும்படி வையுங்கள். பூசிய நாளை நாட்காட்டியில் குறிக்கச் செய்யுங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் பூச வேண்டாம்; வழக்கம்போல் தொடர்ந்தால் போதும். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும். வெள்ளைத் தலையணை உறையே நல்லது. மருந்துகள் பல இருப்பின், எளிய முறையொன்றை வகுத்துத் தருமாறு மருத்துவரிடமே கேளுங்கள்.

அவசரப்பட்டு ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகுக் களிம்புகளைக் கடையில் வாங்கிப் பூசிவிடாதீர்கள். அவை முதலில் முகத்தைத் தெளிவாகக் காட்டி, பின்னர் தோலை மெலியச் செய்து பருவைப் பெருக்கிவிடும்.

பருவைக் கிள்ளினால் தழும்பு முகத்தில் நிற்கும். உறவினர் முன்னிலையில் கேலி செய்தால் தழும்பு மனத்தில் நிற்கும். குறைவாயினும் விடாது தொடரும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அந்தத் தொடர்ச்சியைப் பிள்ளைக்குப் பழக்குவது, இரவுதோறும் அன்போடு நினைவூட்டும் தாய் தந்தையரின் பொறுப்பாகும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும் உள நலத்தையும் வழங்கியருள்வானாக! ஆமீன்.